வையையைப் பாடியவர்களும் வைகையைப் பார்க்கிறவர்களும்: இலக்கியம் நம் சூழல் அறிவை வளர்த்ததா, மறைத்ததா?

கூடல்வாசகி (தல்லாகுளம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதி வாசகர் வட்டத்தில் ‘இலக்கியமும் சூழலும்’ என்ற பொருளில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசப்படும் என்பது நமக்குத் தெரியும். தொல்காப்பியர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்தார், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார், வள்ளுவர் ‘நீரின்று அமையாது உலகு’ என்றார், ஆகவே தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்று உரை முடியும். இந்த ‘ஆகவே’தான் எனக்கு உறுத்துகிறது. வையை என்று பழம்பெயர் கொண்ட வைகை ஆற்றைப் பாடுவதற்கென்றே சங்க நூலான பரிபாடலில் தனி இடம் பெற்ற ஊர் நம் மதுரை. அதே ஊரில் ஆற்றுக்குள் கழிவுநீர் ஓடுவதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தபடி நாம் நாள்தோறும் கடந்துபோகிறோம்.

சித்ரா பௌர்ணமியன்று அழகர் இறங்கும்போது மட்டும் ஆறு நமக்கு ஆறாகத் தெரிகிறது. அன்றைய நீரும் பெரும்பாலும் அணையிலிருந்து விழாவுக்காகத் திறந்துவிடப்பட்டதுதான். மற்ற நாள்களில் அது மணலும் ஆகாயத்தாமரையும் முள்செடியும் கிடக்கும் வெற்றிடம். ‘வையை என்ற பொய்யாக் குலக்கொடி’ என்று இளங்கோவடிகள் சொன்னதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள், அந்தச் சொல்லில் நிறைந்த ஆற்றையே மனத்தில் வைத்துக்கொண்டு, எதிரில் கிடக்கும் ஆற்றைக் கணக்கில் எடுக்காமல் போகிறார்களோ என்று நினைக்கிறேன். எதிர்வாதம் இருந்தால் எழுதுங்கள். அதற்காகவே இந்த இழையைத் தொடங்கினேன்.

தமிழ்வாத்தியார் (திருநகர்)

அம்மா, குற்றவாளியைத் தவறாகப் பிடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பரிபாடலின் 70 பாடல்களில் நமக்கு முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றிலும் வையைப் பாடல்களைப் பொறுமையாகப் படித்தவர்கள் குறைவு. படித்திருந்தால் அவை வெறும் புகழ்ச்சி அல்ல என்பது விளங்கும். வெள்ளம் வந்த செய்தி ஊருக்குள் பரவுவதும், கரை காக்கப் பறை அறைவதும், மலையிலிருந்து ஆறு அடித்துக்கொண்டு வரும் பொருள்களும், நீராடப் போகிறவர்களின் நெரிசலும் அவற்றில் இருக்கின்றன.

இன்னொன்றைச் சொல்கிறேன். முழுப்பாடலாக இல்லாமல் உதிரியாகக் கிடைத்துத் திரட்டில் சேர்க்கப்பட்டுள்ள பகுதி ஒன்று, நீராட்டு விழாவின்போது ஆற்றில் கள்ளும் சந்தனமும் பூவும் கலந்துவிட்டதைச் சொல்கிறது. ‘ஈப்பாய் அடுநறாக் கொண்டது இவ்யாறு எனப் பார்ப்பார் ஒழிந்தார் படிவு’ என்பது அடி. ஈ மொய்க்கும் கள் கலந்த ஆறு என்று சிலர் நீராடாமல் விலகினார்கள். நீர் வழுவழுப்பாகிவிட்டது என்று வேறு சிலர் வாய் கொப்பளிக்கவும் மறுத்தார்கள். மாசு என்பதை அந்தக் கவிஞன் கண்டிருக்கிறான். கண்டும் அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, விழாவின் களிப்பாகவே சொல்கிறான் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் உரைக்கு இந்த இடம் 99 பூக்களைவிடப் பயன்படும்.

பழைய_பொறியாளர் (எஸ்.எஸ்.காலனி)

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இலக்கியம் எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆற்றைப் பற்றி மட்டும் சில செய்திகள் சொல்கிறேன்.

வைகை எப்போதும் நீர் ஓடும் ஆறு அன்று. பருவத்தில் பெருகி வற்றும் ஆறு. மலைக்கு அப்பால் மேற்கே போகும் பெரியாற்று நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது 1895இல். வைகை அணை கட்டி முடிந்தது 1959இல். ஆகவே இன்று மதுரையில் நாம் காணும் நீரில் பெரும்பகுதி வேற்று ஆற்றின் நீர். பரிபாடல் கண்ட ஆறும் நாம் காணும் ஆறும் நீரியல் கணக்கில் வேறு வேறு.

வைகை கடலில் போய் விழுவது அரிது. அது பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். கடல், சிவனுக்கு நஞ்சு கொடுத்த பாவி என்பதால் வையை அதற்குள் புகுவதில்லை என்று ஒரு பழம்பாடல் காரணம் கற்பிப்பதை எங்கள் மேலதிகாரி ஒருவர் அடிக்கடி சொல்வார். உண்மையான காரணம், வழிநெடுக இருபுறமும் கால்வாய்களை வெட்டி, கண்மாய் கண்மாயாக நீரை நிறுத்திக்கொண்ட பல நூற்றாண்டு வேலை. பாண்டியர் கல்வெட்டுகள் இந்த ஊரை ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று குறிப்பிடுகின்றன. ஒரு கண்மாயின் கீழ் இருக்கும் ஊர் என்பதே தலைநகரின் முகவரியாக இருந்திருக்கிறது. பாடல்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டன, கண்மாயை விட்டுவிட்டன என்பது என் மனக்குறை. நாமும் ஆற்றுக்கு விழா எடுத்துவிட்டுக் கண்மாய்க்குள் பேருந்து நிலையமும் அலுவலகமும் கட்டினோம்.

தமிழ்வாத்தியார்

பொறியாளர் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. கண்மாயை விடவில்லை. புறநானூற்றின் 18ஆம் பாட்டில், குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், மறுமை வேண்டுமானாலும் வெற்றி வேண்டுமானாலும் புகழ் வேண்டுமானாலும் செய்ய வேண்டியது ஒன்றே என்கிறார்: நிலம் குழிந்து கிடக்கும் இடமெல்லாம் நீரைத் தடுத்து நிறுத்து. ‘உணவெனப் படுவது நிலத்தொடு நீரே’ என்பதும் அந்தப் பாட்டுத்தான். அதைக் கேட்டவன் மதுரையில் இருந்த அரசன்.

கரிசல்மேட்டான் (பேரையூர் பக்கம்)

அந்தப் பாட்டை எல்லோரும் பாதிதான் சொல்கிறார்கள். அதே பாட்டில் ‘வித்தி வான்நோக்கும் புன்புலம்’ என்று ஒரு நிலம் வருகிறது. விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிலம் எவ்வளவு பரந்து கிடந்தாலும் ஆளும் அரசனின் முயற்சிக்கு உதவாது என்கிறார் புலவர். அந்தப் புன்புலத்துக்காரன் நான். எங்கள் பக்கம் முழுவதும் மானாவாரி. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, இடையில் துவரையும் பாசியும். அறுவடை முடிந்ததும் ஆடும் மாடும் கிடை போட்டு நிலத்துக்கு உரம் ஏறும். ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு வருவதற்கு வழித்தடம் உண்டு, மேய்ச்சல் புறம்போக்கு உண்டு, ஊருணி உண்டு.

இவ்வளவும் நடக்கிற நிலத்துக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில் பெயர் ‘தரிசு’. தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அங்கே எதுவும் அழியவில்லை என்று அறிக்கையும் கொடுக்கலாம். நன்செய்க்கு ஒரு மதிப்பு, புன்செய்க்கு வேறு மதிப்பு என்ற கண் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது மட்டும் அல்ல. அந்தப் புறப்பாட்டிலேயே இருக்கிறது. இலக்கியம் சூழல் அறிவை உருவாக்குகிறது என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். எதைக் கைவிடலாம் என்று கற்றுக்கொடுத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

தமிழ்வாத்தியார்

தம்பி எழுதியதை மறுக்க முடியவில்லை, ஆனால் முழுமையாக்க முடியும். புறப்பாட்டு அரசனின் கருவூலத்திலிருந்து நிலத்தைப் பார்க்கிறது. அகப்பாட்டின் முல்லைத் திணை அதே புன்புலத்துக்கு வேறு கண்ணோடு போகிறது. செம்மண்ணில் கார்மழை விழுவது, வரகு கதிர் விடுவது, மாலையில் மந்தை திரும்புவது, போனவன் வருவான் என்று ஒருத்தி காத்திருப்பது எல்லாம் அந்த வானம் பார்த்த நிலத்தில்தான். வரி தராத நிலம் என்று ஒரு புலவன் தள்ளிய இடத்தை, ஆண்டுக்கு ஒருமுறை வாக்குத் தவறாமல் பூக்கும் இடமாக இன்னொரு புலவன் வைத்திருக்கிறான்.

தொல்காப்பியம் கருப்பொருள் என்று சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. மரத்தையும் பறையையும் ஒரே வரிசையில் வைத்ததைக் கவனியுங்கள். வரகு போனால் வரகுக்குரிய பாட்டும் போகும், தெய்வமும் தனித்து நிற்கும் என்பது அந்த வரிசையின் உட்பொருள் என்று கொள்வேன்.

கரிசல்மேட்டான்

ஐயா சொல்லும் இரண்டு கண்ணும் உண்மைதான். முல்லைக் கண் பள்ளிக்கூடத்துக்குப் போனது, புறத்தின் கண் தாலுகா ஆபீசுக்குப் போனது. பட்டா எழுதுவது இரண்டாவது இடத்தில்.

மேலூர்க்காரி (மேலூர் வட்டம்)

தாலுகா ஆபீசிலும் முல்லைக் கண் ஒருமுறை செல்லுபடியானது, கரிசல் அண்ணன். அரிட்டாபட்டியைச் சொல்கிறேன்.

அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், லகடு வல்லூறு உள்ளிட்ட ஏறக்குறைய 250 பறவை வகைகள், சமணப் படுக்கைகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. 2024 நவம்பரில் அதையும் உள்ளிட்ட 2,015 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது தெரியவந்தது. ஊர்கள் கூடின. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பெரும் பேரணி வந்தது. அதே மாதம் ஏலம் ரத்து என்று ஒன்றிய அரசு அறிவித்தது.

அந்த நாள்களில் ஊர்க் கூட்டங்களில் என்ன பேசினார்கள் என்பதைக் கேட்டவள் நான். வல்லூற்றைப் பற்றிப் படித்த பிள்ளைகள் பேசினார்கள், கைதட்டினோம். ஆனால் கூட்டத்தை உட்காரவைத்தது வேறு பேச்சு. இந்த மலையில் இன்ன சாமி இருக்கிறது, எங்கள் பாட்டன் இந்தச் சுனையில் தண்ணீர் எடுத்துப் பொங்கல் வைத்தான், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எழுத்து வெட்டியிருக்கிறார்கள் என்ற பேச்சு. கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. எழுதியிருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது. எங்கள் வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் எத்தனையோ குன்றுகளைத் தின்று முடித்தபோது இந்த அளவு கூட்டம் கூடவில்லை. பாறையாக மட்டும் தெரிந்த குன்றைப் பாதுகாக்க ஆள் வரவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பழைய_பொறியாளர்

மேலூர் அம்மா சொல்வதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கிழக்கே மேலூர் ஒருபோகம். பெரியாறு பிரதானக் கால்வாய் திறந்தாலும் கடைமடைக்கு நீர் வந்து சேர்வது அணையின் இருப்பைப் பொறுத்தது. இப்படிப்பட்ட இடத்தில் குன்றிலிருந்து வழியும் மழைநீரும் அதைப் பிடிக்கும் கண்மாயும்தான் சொந்தக் கையிருப்பு. குன்றை வெட்டினால் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் செத்துவிடும். ‘சாமி குடியிருக்கும் மலை’ என்ற பேச்சுக்குள் இந்த நீர்க்கணக்கு பொதிந்திருக்கிறது. அதிகாரிகள் கேட்கும் மொழியில் அதை எழுதத்தான் எங்களைப் போன்றவர்கள் தேவைப்பட்டிருப்போம்.

கூடல்வாசகி

இழை நான் நினைத்ததைவிடத் தொலைவு போய்விட்டது. என் பேச்சின் மையமாகப் பிட்டுக்கு மண் சுமந்த கதையை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது 64 படலங்களில் ஒன்று. ஆவணி மூலத்தில் இன்றும் சுவாமி புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார். கதையின் தொடக்கம் வைகை வெள்ளம். கரை உடைகிறது, வீட்டுக்கு இவ்வளவு பங்கு என்று அளந்து அடைக்கச் சொல்கிறார்கள். ஊரே கூடிக் கரை கட்டிய குடிமராமத்தின் நினைவு ஒரு புராணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. விழாவை வைத்துக்கொண்டோம், வேலையை விட்டுவிட்டோம் என்று சொல்லலாம் அல்லவா?

கரிசல்மேட்டான்

அக்கா, அந்தக் கதையைக் குடிமராமத்தின் பெருமையாகச் சொல்வதற்கு முன் வந்தியைக் கொஞ்சம் பாருங்கள். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி. பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கும் பங்கு அளந்துவிட்டார்கள். கூலிக்கு ஆள் கிடைக்காமல் அவள் அழுததால்தான் சிவனே வர வேண்டியிருந்தது. வந்தவர் உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு ஆடிப்பாடித் தூங்கினார், பிரம்படியும் பட்டார். ஊர் வேலையின் சுமை எளியவர் தலையில் எப்படி விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. 1858இல் ஆங்கிலேயர் இதே வேலைக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததற்குச் சட்டத்தின் முத்திரை குத்தினார்கள்.

மடை திறந்தவர்கள், கண்மாயின் உபரி நீர் வெளியேறும் கலிங்கில் உயிரைக் கொடுத்து அடைப்பு எடுத்தவர்கள், கரை காத்தவர்கள் யார், அவர்களுக்கு அந்த நீரில் எவ்வளவு பங்கு இருந்தது என்ற கேள்வி இல்லாமல் ‘ஊரே கூடி’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் ஊர்க் கண்மாயிலேயே எல்லோரும் இறங்கக்கூடிய துறை எது, சிலர் இறங்கக்கூடாத துறை எது என்பது என் தாத்தா காலம் வரை எழுதாத சட்டமாக இருந்தது.

கூடல்வாசகி

இந்தக் கோணம் கதையை எனக்கு இன்னும் நெருக்கமாக்குகிறது. பிரம்படி ஒருவர் முதுகில் விழ, அரசன் உட்பட எல்லோர் முதுகிலும் பட்டது என்று கதை முடிகிறது. நீர் வேலையில் ஒருவருக்குச் செய்த அநீதி எல்லோருக்கும் வலிக்க வேண்டும் என்று அதைக் கட்டிய மக்கள் விரும்பியிருக்கிறார்கள். நடந்ததா என்பது வேறு. வந்தியை மையமாக வைத்தே பேசுகிறேன்.

தேனிப்பையன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தனை பேரும் நீர் வந்து சேரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வைகை அணைக்குள் முழுகிய ஊர்களை யார் பாடினார்கள்? இரண்டாயிரம் ஆண்டு வையை இலக்கியத்தில் நீர் பெற்றவர்கள் இருக்கிறார்கள், நிலம் கொடுத்தவர்கள் இல்லை. வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ வந்த பிறகுதான் அந்த வெளியேற்றம் பெரிய அளவில் வாசகர்களிடம் போனது. அதற்கு 2003இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. மதுரையில் ஆற்றைப் பற்றிப் பேசினால் எங்கள் பக்கத்தையும் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

பழைய_பொறியாளர்

தம்பி சொல்வது நியாயம். அணையின் கோப்புகளில் அந்த ஊர்கள் ‘நீர்ப்பரவல் பகுதி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். நானும் அந்தச் சொல்லை எழுதியவன்தான்.

மாசிவீதி_மணி

அழகர் பச்சைப் பட்டு உடுத்தி இறங்கினால் நாடு செழிக்கும் என்பதையும் சூழல் அறிவில் சேர்க்கலாமா? எங்கள் வீட்டில் வானிலை அறிக்கையைவிட அதற்குத்தான் மதிப்பு.

பழைய_பொறியாளர்

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்பதையும் அன்று காலை பார்த்துவிடுங்கள்.

மேலூர்க்காரி

நானும் கரிசல் அண்ணனைப் போல ஒரு கசப்பைச் சொல்லிவிடுகிறேன். கோயில்காடுகளைப் பற்றி நகரத்திலிருந்து எழுதுகிறவர்கள், முன்னோர் மரத்தை நேசித்தார்கள் என்று எழுதுகிறார்கள். நான் வளர்ந்த ஊரில் அது நேசம் அன்று, பயம். செருப்புப் போட்டு நுழையக்கூடாது, சுள்ளியும் பொறுக்கக்கூடாது, மீறினால் கருப்பன் பார்த்துக்கொள்வான். மாதத்தில் சில நாள்கள் பெண்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. அந்தப் பயத்தால் காடு பிழைத்தது என்பது உண்மை. 2025இல் நம் மாநிலத்தின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டதே, நத்தம் பக்கத்துக் காசம்பட்டியில் இருக்கும் வீரகோவில் காடுதான். ஏறக்குறைய 5 ஹெக்டேர். பக்கத்துக் காடெல்லாம் தோப்பாகவும் மனையாகவும் மாறிய பிறகும் அது நிற்கிறது. இன்று சாமிக்குக் கான்கிரீட் மண்டபம் கட்ட வேண்டும் என்று பக்தி கூடும்போதுதான் மரத்துக்கு ஆபத்து வருகிறது. பயம் போய், அதன் இடத்தில் அறிவு வந்து சேர்வதற்குள் மண்டபம் எழும்பிவிடுகிறது.

பயமும் விலக்கும் இல்லாத ஒரு வழக்கமும் எங்களிடம் உண்டு. மீன்பிடித் திருவிழா. விவசாயம் முடிந்து கண்மாய் வற்றும் நாளில் ஊர் பேசி நாள் குறிப்போம். பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசியதும் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளும் வலையுமாக எல்லோரும் இறங்குவோம். பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் தடை இல்லை. பிடித்ததை விற்பதில்லை, வீட்டில் குழம்புதான். அதுவரை யாரும் தனியாக வலை போடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் மீனும் பிழைக்கிறது. தூர்வார வேண்டிய இடம் எது, மடை எங்கே பழுது என்பதெல்லாம் அன்று ஊர் முழுவதும் சேற்றில் நடக்கும்போது தெரிந்துவிடும்.

தமிழ்வாத்தியார்

மேலூர் மகள் சொன்ன காட்டைப் படித்ததும் சிலப்பதிகாரக் காடுகாண் காதை நினைவுக்கு வந்தது. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும் வழியில், முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து, நல்லியல்பு இழந்து ‘பாலை என்பதோர் படிவம்’ கொள்ளும் என்று கேட்கிறார்கள். பாலை என்று தனி நிலம் இல்லை. நல்ல நிலம் கெட்டால் அதுதான் பாலை. கெடுக்கும் பொறுப்பை இளங்கோ வெயிலிடம் கொடுத்தார். கூடல்வாசகி அம்மா தம் உரையில் அந்தப் பட்டியலை நீட்டிக்கொள்ளலாம்.

கூடல்வாசகி

வந்தி, பரிபாடலின் அந்தக் கள் கலந்த ஆறு, புறம் 18இன் இரண்டு பாதிகள், அணைக்குள் போன ஊர்கள், அரிட்டாபட்டி ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறேன். திணைப் பட்டியலையும் 99 பூக்களையும் விட்டுவிடுகிறேன். பேச்சு முடிந்த மறுவாரம் வட்டத்தினரை மாடக்குளம் கண்மாய்க்கு அழைத்துப் போகலாம் என்று எண்ணம். பொறியாளர் ஐயா உடன் வர இயலுமா? எப்போது வந்தால் பார்க்க ஏதாவது இருக்கும்?

பழைய_பொறியாளர்

வருகிறேன் அம்மா. இப்போது வேண்டாம், ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்த பிறகு வையுங்கள். கரையில் நின்று பார்த்தால் படம் எடுக்க நன்றாக இருக்கும், ஒன்றும் விளங்காது. கீழமாத்தூர், துவரிமான் வழியாக நீர் வரும் கால்வாயை ஒட்டி மேற்கிலிருந்து நடந்து வருவோம். எங்கே அடைத்திருக்கிறார்கள், எங்கே வீடு முளைத்திருக்கிறது, எங்கே சாக்கடை சேர்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் கண்மாய் ஏன் நிரம்புகிறது, ஏன் நிரம்பவில்லை என்பது தெரியும். கரிசல் தம்பியும் வந்தால் மடையடியில் நின்று யார் எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்கலாம். என்னிடம் சொல்லத் தயங்குவார்கள், அவரிடம் சொல்லக்கூடும். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.

கரிசல்மேட்டான்

வருகிறேன் ஐயா. பேரையூரிலிருந்து முதல் பேருந்தில் கிளம்பினால் ஏழாகிவிடும், துவரிமானில் சேர்ந்துகொள்கிறேன்.